பேர் விழாத காயங்கள்

கொழுந்து நிறுத்துவிட்டு லயத்துக்கு வருகிறவர்களிடம் வீட்டில் கேட்கிற முதல் கேள்வி, "முழுப் பேரா, அரைப் பேரா?" என்பதுதான். மலையகத்துக்கு வெளியே இருக்கும் நண்பர்களுக்காகச் சொல்கிறோம்: 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம். சொன்ன கிலோவைப் பறித்துக் கொடுத்தால் செக்ரோலில் முழுப் பேர் விழும். குறைந்தால் அரைப் பேர். பேரே விழாவிட்டால், அன்றைக்கு நீங்கள் மலையில் நின்றதே கணக்கில் இல்லை.

நம் குழுவில் ஒருவரின் அம்மாயிக்கு வலது கை ஆள்காட்டி விரல் மடங்காது. மழை நாளொன்றில் கூடையோடு வழுக்கி விழுந்ததில், கல்லுக்கும் தேயிலைத் தூருக்கும் நடுவே விரல் மாட்டிக்கொண்டது. தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து வைத்துக் கட்டினார்கள். பறித்த கொழுந்து போதாது என்று அன்றைக்கு அரைப் பேர் விழுந்தது. அந்த விபத்துக்கு எழுத்தில் இருந்த ஒரே தடயம் அந்த அரைப் பேர்தான். விரலைப் பற்றி எந்தக் கொப்பியிலும் ஒரு வரி கிடையாது. பல வருசம் கழித்து, நட்டஈடு என்று ஒன்று இருக்கிறதென யாரோ சொல்லக் கேட்டு விசாரிக்கப் போனார். "வேலையில அடிபட்டதுன்னு எப்படிச் சொல்றீங்க?" என்று திருப்பிக் கேட்டார்களாம். அம்மாயிக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. "நான் வேற எங்கடா தம்பி போனேன்?" என்று எங்களிடம்தான் கேட்டார்.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கிற வரலாற்றைப் பற்றியது. உழைக்கிற உடம்பில் காயம் பட்டால், அது வேலையால் வந்த காயம்தான் என்று யார் நிரூபிக்க வேண்டும்? இந்தக் கேள்வியோடு தேயிலைத் தொழிலாளி மட்டும் அலையவில்லை. நாட்டுக்காகச் சண்டை போட்டுக் காலை இழந்த சிப்பாயும் இதே கேள்வியோடு அலைந்திருக்கிறார், இன்றும் அலைகிறார். அந்த இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று நினைத்தோம்.

பெரட்டும் கவாத்தும்

தோட்டத்துப் பேச்சில் இராணுவ வாடை அடிக்கிற சொற்கள் சில உண்டு. காலையில் எல்லோரும் வரிசையாக நின்று வேலை பிரித்துக்கொள்கிற இடம் பெரட்டுக் களம். 'பெரட்டு' என்பது ஆங்கிலத்து 'பரேட்' திரிந்து வந்த சொல் என்பார்கள். செடியை வெட்டுவதற்கு நாம் 'கவ்வாத்து' என்கிறோம். தமிழ்நாட்டில் 'கவாத்து' என்றால் பொலிஸும் பட்டாளமும் செய்கிற அணிவகுப்புப் பயிற்சிக்கும் பெயர். அதிகாலையில் தப்படித்து எழுப்புவது, கங்காணிக்குக் கீழே ஒரு கும்பல், கங்காணிக்கு மேலே கணக்குப்பிள்ளை, எல்லோருக்கும் மேலே துரை. பட்டாளத்துக்கு இருக்கிற அடுக்கு முழுக்க இங்கேயும் இருந்தது. தோட்டத்தை விட்டு ஓடிப்போனால் சிறை என்கிற சட்டம்கூட இருந்தது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டப்படி, வேலை ஒப்பந்தத்தை மீறுவது குற்றவியல் தண்டனைக்குரிய குற்றம். கடன் கணக்கை எழுதிய 'துண்டு' இல்லாமல் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. அந்தத் துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது.

பட்டாளத்தின் கட்டுப்பாடு எல்லாம் வந்தது. பட்டாளத்தில் காயம்பட்டவனுக்குக் கிடைக்கிற ஒன்று மட்டும் வரவில்லை: ஓய்வூதியம்.

இதை அந்தக் காலத்து மலைநாட்டிலேயே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1900இல் கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு தொண்டர் படை உருவானது. பெயர் சிலோன் பிளான்டர்ஸ் ரைபிள் கோர். தோட்டத்துரைமார்களின் துப்பாக்கிப் படை. இதில் இருந்தவர்கள் வெள்ளைக்காரத் துரைகளும் சின்னத்துரைகளும். முதலாம் உலகப் போர் தொடங்கியதும், 1914 ஒக்டோபரில், இந்தப் படையிலிருந்து 200க்கும் அதிகமானவர்கள் கொழும்பில் கப்பலேறி எகிப்துக்குப் போனார்கள். 1915இல் கலிப்போலிக் கரையில் இறங்கியவர்களிலும் அவர்கள் இருந்தார்கள். பலர் பிறகு பிரிட்டிஷ் படையில் அதிகாரிகளாகச் சேர்ந்தார்கள்.

அந்தப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 1916 டிசம்பரில், பிரிட்டனில் ஓய்வூதியங்களுக்கென்று தனி அமைச்சு அமைத்தார்கள். காயம்பட்ட உடம்புக்கு விலைப்பட்டியல் போட்டார்கள். சாதாரணச் சிப்பாய்க்கு வலது கை தோளோடு போனால் வாரம் 16 சில்லிங். முழங்கைக்கு மேலே கொஞ்சம் மிஞ்சியிருந்தால் 14 சில்லிங். இடது கை என்றால் ஒரு சில்லிங் குறைவு. படிக்கும்போது கசாப்புக் கடைப் பலகை மாதிரித்தான் இருக்கிறது. ஆனாலும், 'உன் உடம்பில் இழப்பு நடந்திருக்கிறது, அதற்கு நான் பொறுப்பு' என்று ஓர் அரசு எழுத்தில் ஒத்துக்கொண்டது பெரிய விசயம்தான்.

அதே 1916இல் டிக்கோயாவிலோ தலவாக்கலையிலோ இஸ்டோரில் தேயிலை அரைக்கிற ரோலரில் கை மாட்டிக்கொண்ட தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். அந்த ஆளுக்குப் பட்டியலும் இல்லை, சட்டமும் இல்லை. துரைக்கு மனமிருந்தால் ஏதாவது கொடுப்பார். அவ்வளவுதான்.

சட்டம் மலையேறி வந்த பாதை

சரி, தொழிலாளிக்கான நட்டஈடு எப்போது வந்தது? முதலில் ஜேர்மனியில். 1884இல் பிஸ்மார்க் ஆட்சியில் விபத்துக் காப்புறுதிச் சட்டம் வந்தது. பிரிட்டனில் 1897இல். அதற்கு முன்பு, முதலாளியின் தவறால்தான் அடிபட்டது என்று தொழிலாளி நீதிமன்றத்தில் காட்ட வேண்டும். 1897 சட்டம் அதை மாற்றியது. யார் தவறு என்கிற பேச்சே வேண்டாம். காயம் வேலையிலிருந்து எழுந்ததாகவும் வேலையின்போது நடந்ததாகவும் இருந்தால் போதும் என்றது. ஆனால் அந்தச் சட்டத்தில் ரயில்வே, தொழிற்சாலை, சுரங்கம் போன்றவைதான் இருந்தன. விவசாயத் தொழிலாளியை 1900இல்தான் சேர்த்தார்கள். இயந்திரத்தில் அடிபட்டால்தான் விபத்து, மண்ணில் அடிபட்டால் விதி என்பது அன்றைய எண்ணம். உலக அளவில் இதைத் திருத்த 1921இல் சர்வதேச தொழில் நிறுவனம் தனியாக ஓர் உடன்படிக்கையே கொண்டுவர வேண்டியிருந்தது. விவசாயக் கூலிகளுக்கும் மற்றத் தொழிலாளர் போல நட்டஈடு கொடுங்கள் என்பதுதான் அதன் சாரம்.

இந்தியாவில் சட்டம் 1923இல் வந்தது. இலங்கையில் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். தேயிலையை ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 1867இல் பயிரிடத் தொடங்கினார் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருக்கிறோம். அதற்கும் இந்தச் சட்டத்துக்கும் நடுவே 67 வருசம். கோப்பிக் காலத்தையும் சேர்த்தால் நூறு வருசத்துக்கும் மேல்.

அதற்கிடையில் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 1872இல் தோட்ட மாவட்டங்களுக்கான மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் வந்தது. ஆஸ்பத்திரிகளும் டிஸ்பென்சரிகளும் மெல்ல மெல்ல மலையில் முளைத்தன. ஆனால் மருத்துவம் வேறு, நட்டஈடு வேறு. ஆளைத் தேற்றி மறுபடி மலைக்கு அனுப்புவது மருத்துவம். தேற முடியாத ஆளுக்கு என்ன வழி என்பதுதான் நட்டஈட்டின் கேள்வி. 1872இன் கணக்கில் அந்தக் கேள்விக்கு இடமில்லை.

1930களில் அந்தக் கேள்வி கேட்கப்பட்டதற்கு, தொழிலாளி சங்கமாகச் சேர்ந்ததும் ஒரு காரணம். துணி வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்து நிலைமையைப் பார்த்தவர் என்று சொல்லப்படுகிற கோ. நடேசய்யர், 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குப் போனார். கூட்டத்தில் பேசியதோடு நிற்காமல், தொழிலாளருக்கான சட்டங்களைத் தமிழில் விளக்கிச் சிறு நூல்களும் போட்டார். மீனாட்சி அம்மாள் பாட்டாகவே பாடிப் பரப்பினார். சட்டம் கொழும்பில் ஆங்கிலத்தில் இருந்தால் லயத்துக்கு வராது என்று அவர்களுக்கு அப்போதே தெரிந்திருந்தது.

ஒரு விரலின் விலை

சட்டம் உடம்பை எப்படி அளக்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். 1923 இந்தியச் சட்டத்தின் முதல் அட்டவணையில், வலது கை முழங்கைக்கு மேலே போனால் உழைப்புத் திறனில் 70 வீத இழப்பு. இடது கைக்கு 60 வீதம். பெருவிரலுக்கு 25. ஆள்காட்டி விரலுக்கு 10. மற்ற விரல்களுக்கு ஐந்து ஐந்து. இலங்கைச் சட்டமும் இப்படி அட்டவணை போட்டு வீதத்தில் அளக்கிற முறையைத்தான் பின்பற்றுகிறது.

இப்போது கொழுந்து பறிக்கிற கையை நினைத்துப் பாருங்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில்தான் ஒடிகின்றன. அந்த இரண்டு விரல்தான் தொழில். ஒரு கிளார்க்குக்கு ஆள்காட்டி விரல் 10 வீதம் என்றால் ஒருவேளை சரியாக இருக்கலாம். அம்மாயிக்கு? விரல் மடங்காமல் போனதற்குப் பிறகு அவர் முழுப் பேர் எடுத்த நாட்களை எண்ணிவிடலாம். பட்டியலைப் போட்டவர்களின் மனதில் இருந்தது சுத்தியல் பிடிக்கிற ஆண் கை. தேயிலையை ஒடிக்கிற பெண் கை அந்த மேசையில் இல்லை.

இன்னும் இரண்டு விசயம் இருக்கிறது. ஒன்று, சிப்பாய்க்கு மாசாமாசம் வருவது ஓய்வூதியம். தொழிலாளிக்கு நிரந்தர ஊனத்துக்கு இந்தச் சட்டம் கொடுப்பது ஒரே தடவையில் ஒரு தொகை. கலியாணம், கடன், கூரைத் தகரம் என்று அது எத்தனை நாள் நிற்கும் என்று லயத்தில் வளர்ந்த யாருக்கும் தெரியும். இரண்டு, அந்தத் தொகை மாதச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அரைப் பேர் அதிகமானால் மாதச் சம்பளம் குறையும். மாதச் சம்பளம் குறைந்தால் கையின் விலையும் குறையும். ஒரு நாள் சம்பளம் ஆயிரம் ரூபா என்று 2021இல்தான் வர்த்தமானியில் வந்தது. அதுக்கே எத்தனை வருசப் போராட்டம் என்பது நமக்குத் தெரிந்ததுதான்.

வண்டும் குளவியும்

'வேலையிலிருந்து எழுந்த' என்கிற இரண்டு சொல்லுக்குள் எவ்வளவு சண்டை நடந்திருக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம். 1909இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. ஒரு வீட்டுப் பணிப்பெண் சன்னலோரம் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். வெளியிலிருந்து ஒரு வண்டு பறந்து வந்தது. தட்டிவிடக் கையைத் தூக்கினார். கை கண்ணில் பட்டு, கண்ணுக்குப் பாதிப்பு. நட்டஈடு கேட்டார். நீதிமன்றம் மறுத்துவிட்டது. வேலை நேரத்தில் நடந்தது உண்மைதான், ஆனால் வண்டு எல்லோர் வீட்டுக்கும் வரும், அது தையல் வேலையால் வந்த ஆபத்து இல்லை என்றது.

நம் மலையில் வண்டுக்குப் பதில் குளவி. 'குளவிக் கொட்டுக்கு இலக்காகித் தொழிலாளர்கள் வைத்தியசாலையில் அனுமதி' என்கிற செய்தியை மாதத்துக்கு எத்தனை தடவை வாசிக்கிறோம்! வாசித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையில் விசாரித்தால் இது எவ்வளவு சாதாரணம் என்று சொல்வார்கள். குளவி எல்லோரையும் கொட்டும்தானே என்று யாராவது கேட்டால் பதில் இதுதான்: கொழும்பில் மேசையில் உட்கார்ந்திருப்பவர் யாரும் கூடு இருக்கிற செடிக்குள் தினமும் எட்டு மணி நேரம் கையை விடுவதில்லை. பராமரிக்காமல் காடு மண்டிப்போன மலைகளில் கூடு அதிகமாகிறது என்று தொழிலாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அப்படியென்றால் இது இயற்கை ஆபத்தா, வேலையின் ஆபத்தா?

குளவியாவது கண்ணுக்குத் தெரியும். முப்பது வருசம் கூடையை நெற்றியில் மாட்டிச் சுமந்து தேய்ந்துபோன கழுத்தெலும்பை எந்த நாளில் நடந்த விபத்து என்று எழுதுவது? களைக்கு மருந்தடித்தவருக்கு வருகிற இளைப்பை எந்தத் தேதியில் போடுவது? விபத்து என்றால் ஒரு நாள், ஒரு நேரம், ஒரு சாட்சி வேண்டும். மெல்ல மெல்ல நடக்கிற காயத்துக்கு அந்த மூன்றுமே இல்லை.

இருக்கிற காயத்துக்கும் சான்று யார் கையில்? செக்ரோல் தோட்டத்தின் கையில். டிஸ்பென்சரிக் கொப்பியும் பல காலம் தோட்டத்தின் கையிலேயே இருந்தது. விபத்தை அறிவிக்க வேண்டியதும் நிர்வாகம். எந்த நிர்வாகத்திடம் பணம் கேட்கிறோமோ, அதே நிர்வாகத்தின் புத்தகத்தைத்தான் சாட்சிக்கும் கூப்பிட வேண்டியிருக்கிறது. சில நாளில் ஆறிவிடும் காயத்துக்கு நட்டஈடு இல்லை. குடித்திருந்தார் என்றோ, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறினார் என்றோ காட்டினால் சிக்கல். அதற்கு மேல் கொழும்புக்கு அலைச்சல், பஸ் காசு, போகிற நாளெல்லாம் பேர் இல்லை.

1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி லட்சக்கணக்கானவர்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டபோது இந்தச் சிக்கலுக்கு இன்னொரு முகம் வந்தது. ராமானுஜம் கப்பலில் காயம்பட்ட உடம்பு போனது. அந்தக் காயத்தின் சான்று எழுதப்பட்டிருந்தால், அது பூண்டுலோயாவிலோ மஸ்கெலியாவிலோ ஒரு அலமாரியில் இங்கேயே நின்றுவிட்டது.

கோட்டை ஸ்டேசனுக்கு எதிரே

இவ்வளவு நேரம், சிப்பாய்க்கு எல்லாம் கிடைத்துவிட்டது போலப் பேசிவிட்டோம். உண்மை அப்படி இல்லை.

2017லும் 2018லும் கொழும்புக் கோட்டையில் ஊனமுற்ற இராணுவத்தினர் போராடினார்கள். கால் இழந்தவர்கள், கண் இழந்தவர்கள். அவர்களது கோரிக்கை, 12 வருடச் சேவையை முடிக்கும் முன்பே காயத்தால் விலக வேண்டியிருந்த தங்களுக்கும் ஓய்வூதியம் வேண்டும் என்பது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கண்ணிவெடி, இவனுக்குப் பன்னிரண்டு வருசம் ஆயிற்றா என்று பார்த்தா வெடிக்கும்? ஊரெல்லாம் 'ரணவிரு' என்று பதாகை. மேடையில் மாலை. ஆனால் அலுவலகத்துக்குப் போனால் சேவைக்காலம் போதாது.

மலையகத்துத் தமிழ் இளைஞர்களான நமக்கு இதை எழுதும்போது ஒரு நெருடல் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. அந்த இராணுவத்தோடு தமிழருக்கு இருக்கிற கதை வேறு. 1977 வன்முறைக்குப் பிறகு தோட்டங்களை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறிய நம் உறவுகள் பலர் கடைசிப் போர் வரை அங்கேயே இருந்தார்கள். அந்தப் போரில் அங்கே கை கால் இழந்தவர்களுக்குச் சேவைக்காலம் போதாது என்று சொல்லக்கூட ஒரு அலுவலகம் இல்லாமல் இருந்தது. எல்லோரது வலியும் ஒன்றுதான் என்று பூசி மெழுக நாங்கள் வரவில்லை. ஆனால் ஒரு விசயம் எல்லோருக்கும் பொது: நம்மை வேலைக்கு எடுக்கும்போது உடம்பைப் பார்க்கிறார்கள், உடம்பு போன பிறகு காகிதத்தைப் பார்க்கிறார்கள். வீரன் என்று கொண்டாடப்பட்டவருக்கே இந்த நிலை என்றால், யாரும் கொண்டாடாத கொழுந்துப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சுமையை மாற்றிய தீர்ப்பு

இந்தக் கதையில் ஒரு திருப்பம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் சிப்பாய்களைக் கூட்டி வந்தோம்.

போர்க் காயம் என்று நிரூபிக்கிற சுமை ஆரம்பத்தில் சிப்பாயின் தலையில்தான் இருந்தது. பிரிட்டனில் இரண்டாம் உலகப் போரின் நடுவே மக்கள் மத்தியில் பெரிய எதிர்ப்பு எழுந்து, 1943இல் அந்தச் சுமையைச் சிப்பாயிடமிருந்து இறக்கினார்கள். இல்லை என்று சொல்ல விரும்பினால் அமைச்சுதான் காட்ட வேண்டும் என்றானது.

இந்தியாவில் இதே கொள்கையை உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் அழுத்திச் சொன்னது. தரம்வீர் சிங் என்கிற சிப்பாயின் வழக்கு அது. 1985இல் சேர்ந்தவர். ஒன்பது வருசச் சேவைக்குப் பிறகு வலிப்பு நோய் வந்ததால் வெளியே அனுப்பப்பட்டார். நோய் இராணுவ வேலையால் வந்ததல்ல என்று சொல்லி ஊன ஓய்வூதியத்தை மறுத்தார்கள். நீதிமன்றம் ஒரு எளிய கேள்வியைக் கேட்டது. சேரும்போது உடம்பைச் சோதித்துத்தானே எடுத்தீர்கள்? அப்போது நோய் இருந்ததாக எங்காவது குறித்து வைத்தீர்களா? குறிக்கவில்லை என்றால், அவர் நலமாகத்தான் வந்தார் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு வந்த நோய் சேவையால் வந்ததல்ல என்றால், அதைக் காட்ட வேண்டியது நீங்கள்.

இதை வாசித்தபோது எங்களுக்கு மண்டபம் ஞாபகம் வந்தது.

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் இலங்கைத் தோட்டங்களுக்கு வந்தவர்கள் இராமநாதபுரக் கரையில் இருந்த மண்டபம் முகாமைத் தாண்டித்தான் வந்தார்கள். அங்கே நாட்கணக்கில் தங்கவைத்து, உடம்பைச் சோதித்து, தொற்று இல்லை என்று பார்த்துத்தான் அனுப்பினார்கள். நம் பாட்டன் பாட்டிகளுக்கு அந்த முகாமின் நினைவு கசப்பானது. ஆனால் அந்தக் கசப்புக்குள் ஒரு உண்மை இருக்கிறது. அரசும் தோட்டமும் சேர்ந்து அந்த உடம்புகளைப் பார்த்து, இவை வேலைக்குத் தகுதியானவை என்று முடிவெடுத்தே மலையேற்றின. தேயிலை மலையில் கொடுத்தது நல்ல உடம்பு. பிறகு அது தேய்ந்ததென்றால், எங்கே தேய்ந்தது என்று தொழிலாளியிடம் கேட்பது நியாயமா?

தரம்வீர் சிங் தீர்ப்பு இந்தியாவினுடையது, படையினருக்கானது. இலங்கைத் தோட்டத்துக்கு அது சட்டமாகாது. ஆனால் அதில் இருக்கிற நியாயம் எல்லை தாண்டக் கூடியது. புத்தகம் யார் கையில் இருக்கிறதோ, நிரூபிக்கிற சுமையும் அவர் தலையில் இருக்கட்டும். செக்ரோலும் மருத்துவக் கொப்பியும் தோட்டத்திடம் இருக்கும்போது, மலையில் வேலை நேரத்தில் பட்ட காயம் வேலைக் காயம்தான் என்று தொடங்குவோம். இல்லை என்றால் தோட்டம் காட்டட்டும். அம்மாயியிடம் கேட்ட கேள்வியைத் திருப்பிப் போடுவதுதான் எங்கள் கோரிக்கை.

இப்போது ஏன் இது அவசரம்

சட்டம் நின்ற இடத்திலேயே நிற்கவில்லை. 2022இல் ஒரு திருத்தம் வந்தது. நட்டஈட்டின் உச்சவரம்பை ஐந்தரை லட்சத்திலிருந்து 20 லட்சம் ரூபாவாக உயர்த்தியது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகிற, திரும்பி வருகிற வழியில் நடக்கிற விபத்தையும் சேர்த்தது. லொறிப் பெட்டியில் நின்றுகொண்டு மலைக்குப் போகிற நம் ஆட்களுக்கு இந்த ஒரு வரி பெரிய விசயம். இது எத்தனை லயத்துக்குத் தெரியும்? நடேசய்யர் அன்றைக்குச் செய்த வேலையை இன்றைக்கு யார் செய்கிறார்கள்?

மறுபக்கம், செக்ரோலே மெலிந்துகொண்டிருக்கிறது. கைக்காசுக்குப் பறிப்பவர்கள் அதிகமாகிறார்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று அன்றன்றைக்கே காசு. தோட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் குடும்பங்களிடம் பராமரிக்கக் கொடுக்கிற முறையும் பரவுகிறது. சுதந்திரம் மாதிரித்தான் தெரியும், சில வீடுகளில் கையில் கொஞ்சம் கூடுதலாகவும் வரும். ஆனால் பேர் விழாத இடத்தில் குளவி கொட்டினால், அன்றைக்கு அவர் அங்கே இருந்தார் என்பதற்கே சான்று இருக்காது. அம்மாயிக்காவது ஒரு அரைப் பேர் இருந்தது. அவருடைய பேத்திக்கு அதுகூட இல்லாமல் போகலாம்.

கோரிக்கை வெல்வதற்குக் காலம் எடுக்கும். அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்யலாம். வீட்டில் யாருக்காவது மலையில் அடிபட்டால், அன்றைக்கே தேதி, நேரம், மலையின் இலக்கம், பக்கத்து நிறையில் நின்றவர்களின் பெயர் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். போனில் படம் எடுங்கள். டிஸ்பென்சரியோடு நிறுத்தாமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய், 'வேலை செய்யும்போது அடிபட்டது' என்று வாயால் சொல்லி, அது துண்டில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். துண்டைத் தொலைக்காதீர்கள். நிர்வாகத்துக்கு எழுத்தில் அறிவித்து ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். கோரிக்கைக்குக் காலக்கெடு உண்டு, ஆறட்டும் பார்ப்போம் என்று தள்ளாதீர்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் இன்று எல்லா லயத்திலும் இருக்கிறோம். ஒரு காலத்தில் கணக்குப்பிள்ளை கையில் மட்டும் இருந்த பேனா இப்போது நம் கையிலும் இருக்கிறது.

இந்தக் கட்டுரைக்காகப் பேசப் போனபோது அம்மாயி விரலை நீட்டிக் காட்டினார். எந்த வருசம் என்று கேட்டோம். நினைவில்லை. எந்த மலை என்று கேட்டோம். உடனே இலக்கத்தைச் சொன்னார். எந்தப் பாறைக்குக் கீழே, எத்தனையாவது நிறை, அன்றைக்குப் பக்கத்தில் நின்றது யார் என்றும் சொன்னார். பக்கத்தில் நின்றவர்களில் ஒருவர் இப்போது கோத்தகிரியில். இன்னொருவர் இல்லை. நாங்கள் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டோம். நட்டஈட்டுக்குக் காலம் கடந்துவிட்டது. எழுதி முடித்ததும் அவர் கேட்டார்: "இதுக்கு எனக்குப் பேர் போடுவீங்களா?"

சிரித்தார். நாங்களும் சிரித்தோம். திரும்பி வருகிற பஸ்ஸில்தான் யாரும் ஒன்றும் பேசவில்லை.